முற்றத்துப் புல்லும் மண்ணடி நீரும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் நாடகமும் இடம் பெறுகின்றன. அவற்றின் நடுவே தண்ணீரைப் பற்றிச் சில சொற்கள் கூற எனக்கு வாய்ப்பளித்த செயற்குழுவினருக்கு என் நன்றி. தமிழ் விழாவில் தண்ணீருக்கு என்ன வேலை என்று எவரும் எண்ண வேண்டா. கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பை வைத்தவர் நம் வள்ளுவர். ஆதலின் இதுவும் தமிழ்ப் பொருளே.

நான் பொறியாளன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி வருபவன். ஆயினும் வரவும் செலவும் இருப்பும் எழுதிப் பழகிய கை, ஒரு கிணற்றின் கணக்கையும் எழுதிப் பார்க்கலாம் அன்றோ? அந்தக் கணக்கையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

செய்தி இதுதான். நம் மன்றத்தின் முன்னுள்ள வெற்றிடத்தில் புல்தரை அமைக்க வேண்டும் என்பது பலருடைய விருப்பம். நாற்பதடி நீளம், இருபத்தைந்தடி அகலம். மாலையில் குழந்தைகள் விளையாடவும், ஓய்வு பெற்ற பெரியோர்கள் அமர்ந்து உரையாடவும் ஓர் இடம் வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்பதிலேதான் மாறுபாடு. பொதுக்கிணற்றில் மோட்டார் வைத்து இறைக்கலாம் என்பார் ஒரு சாரார். கோடையில் குடிக்கவே போதாத கிணற்றில் புல்லுக்கு இறைப்பதா, புல்லே வேண்டா என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நம்மவரே. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே என் பேச்சின் கருத்து. மண்ணுக்கடியிலிருந்து தானே வெளிவந்து, எவருக்கும் பயன்படாமல் ஓடுகின்ற நீரைச் சேர்த்து வைத்து, அந்நீர் உள்ள மட்டும் புல்லுக்கு வார்ப்போம், கிணற்றைத் தொடாதிருப்போம்.

முதலில் நாம் குடியிருக்கும் மண்ணை அறிந்துகொள்வோம். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த நமக்கு ஒரு வியப்பு உண்டு. திருவனந்தபுரம் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. இடவப்பாதி என்று இங்குள்ளோர் கூறும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. நம் ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு மழையும் பெறும் இவ்வூரில், மாசி பிறந்தால் கிணறுகள் வற்றுவானேன்?

காரணம் செம்புறாங்கல். வெட்டுக்கல் என்று வீடு கட்டுகிறோமே, அதே கல். பிரான்சிஸ் புக்கானன் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1807-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பயண நூலில், மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லுக்கு 'லாட்டரைட்டு' என்று பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் அப்பெயர் நம் மேற்குக் கரையில் பிறந்ததாகும். இக்கல் தேன்கூடுபோலத் துளைகள் நிறைந்தது. மழை பெய்தவுடன் நீரை விரைந்து உள்வாங்கும். அதன்கீழே இறுகிய களிமண் இருக்கும். களிமண்ணில் இறங்க இயலாத நீர், சரிவை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தில் கசிந்து வெளியேறும். ஆடியில் கைக்கு எட்டும் கிணற்று நீர் பங்குனியில் கயிற்றுக்கும் எட்டாமற் போவது இதனால்தான். இந்த மண் நீரைச் சேமித்து வைக்கும் பெட்டி அன்று. வாங்கியதைச் சில திங்களில் கைமாற்றிவிடும் தரகு மண்டி.

இதனை நமக்கு முன்னரே அறிந்து வாழ்ந்தவர்கள் இவ்வூர் மக்கள். பாறசாலை, செங்கல், குன்னத்துக்கால், வெள்ளறடை ஆகிய ஊர்களின் வழியே நடந்து பாருங்கள். மேட்டு நிலத்துக்கு விளை என்று பெயர். எல்லையில் இருக்கும் இஞ்சிவிளையின் பெயரில் இருப்பதும் அந்த விளைதான். தென்னையும் வாழையும் மரச்சீனியும் அங்கே வளரும். பள்ளத்து நெல்வயலுக்கு ஏலா என்று பெயர். விளையில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி, ஏலாவின் தலைப்பில் கசிந்து வரும். அந்த இடத்தில் ஒரு குளத்தை வெட்டினார்கள். ஏலாவின் தலையில் இருப்பதால் அதற்குத் தலக்குளம் என்று பெயர். கசியும் நீர் குளத்தில் சேர்ந்தது. சேர்ந்த நீர் வயலுக்குப் பாய்ந்தது. மோட்டாரும் இல்லை, செலவும் இல்லை. வேலுத்தம்பி தளவாய் பிறந்த ஊருக்கும் தலக்குளம் என்றே பெயர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தின் வடகோடியில் உள்ள காசர்கோட்டில் மற்றொரு முறையைக் காணலாம். செம்புறாங்கற் குன்றின் பக்கத்தில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு, படுக்கைவாட்டில் குடைந்துகொண்டே செல்வார்கள். ஊற்றுக் கண் திறந்ததும் நிறுத்துவார்கள். சுரங்கம் என்று அதற்குப் பெயர். நீர் தன் போக்கில் வெளிவந்து, வாசலில் உள்ள மண்தொட்டியில் சேரும். அங்கிருந்து கமுகந்தோட்டத்துக்குப் பாயும். பாரசீக நாட்டின் பழைய நிலத்தடிக் கால்வாய்களும் இத்தகையனவே. எங்கும் முறை ஒன்றுதான். நிலம் தானாகக் கொடுப்பதைத் தொட்டியில் சேர். தொட்டியில் உள்ள அளவுக்கே பயிர் செய்.

இனி நம் கணக்குக்கு வருவோம். நாம் விரும்பும் புல்தரை ஏறத்தாழ 93 சதுர மீட்டர். கோடையில் பசுமை மாறாமல் இருக்க, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 465 லிட்டர். கிராமக் குடிநீர்த் திட்டத்தில் மத்திய அரசு வகுத்துள்ள அளவு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அஃதாவது, நம் புல்தரை எட்டுப் பேர் உள்ள ஒரு குடும்பத்தின் தண்ணீரை நாள்தோறும் குடிக்கும். தை நடுவிலிருந்து சித்திரை நடுவரை ஏறத்தாழ 90 நாட்கள். அந்நாட்களின் செலவு 41,850 லிட்டர்.

நம் பொதுக்கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் நீர் 3,140 லிட்டர்தான். புல்லுக்கு மட்டும் நாள்தோறும் 15 சென்டிமீட்டர் நீர் இறங்கும். அத்தனை வீடுகளும் கோரும் தண்ணீரோடு இதனையும் கூட்டி, பங்குனி மாத ஊற்று ஈடுசெய்யுமா? கிணற்றைப் பார்த்தவர்கள் விடை சொல்லட்டும்.

ஆனால் நம் காலனியின் மேல்புறத்தைப் பாருங்கள். குன்றை வெட்டிச் சமன்செய்து, அச்சரிவு இடிந்து விழாதிருக்கக் கருங்கல் மதில் கட்டியிருக்கிறார்கள். அந்த மதிலில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. ரயில்பாதையில் பணிபுரியும் தோழர்கள் இதனை நன்கு அறிவர். 1979-இல் திறக்கப்பட்ட நம் திருவனந்தபுரம் – கன்னியாகுமரிப் பாதையில், மேட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட இடங்களிலெல்லாம், மழை நின்ற பின்னரும் சரிவிலிருந்து நீர் கசிந்து பக்கக் கால்வாயில் ஓடுவதைக் காணலாம். மண்ணுக்குள் நகரும் நீரின் வழியை நாம் வெட்டிவிட்டோம். அது வெளியே வருகின்றது. நம் மதில் துளைகளில் வருவதும் அதே நீர்தான். அது சிமெண்டுக் கால்வாயில் விழுந்து, சாலைச் சாக்கடையோடு கலந்து போகின்றது.

சென்ற கோடையில் கையில் வாளியும் கடிகாரமுமாக அந்தக் கால்வாயின் முனையில் நின்றேன். என் வீட்டார் உட்படப் பலர் சிரித்தனர். பதினைந்து லிட்டர் வாளி, தை நடுவில் 3 நிமிடத்தில் நிரம்பியது. மாசி நடுவில் 15 நிமிடம் ஆயிற்று. பங்குனிக் கடைசியில் ஒரு மணி நேரம் ஆயிற்று. கணக்கிட்டால் தையில் நாளொன்றுக்கு 7,200 லிட்டர். மாசியில் 1,440 லிட்டர். பங்குனிக் கடைசியில் 360 லிட்டர். புல்லுக்கு வேண்டுவது 465 என்றேன். ஆகவே பங்குனி பிறக்கும்வரை நமக்கு மிச்சமே உண்டு. பங்குனி முடிவில் நூறு லிட்டர் குறையும். சித்திரையில் அதனினும் குறையும். குறையும்போது என்ன செய்வது? அதற்கும் பதில் உண்டு. சற்றுப் பின்னர்க் கூறுகின்றேன்.

செய்ய வேண்டிய வேலை பெரிதன்று. கால்வாய் முனையில் மணலும் சேறும் படிய ஒரு சிறு குழி, அதனையடுத்து மூவாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி, தொட்டிக்கு மூடி, மூடியின் இடைவெளிகளில் கொசுவலை. இந்தக் கொசுவலையை மறந்தால் புல்லுக்குப் பதிலாகக் காய்ச்சலை வளர்த்தவர்களாவோம். தொட்டி நிரம்பி வழியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல், கீழ்ப்புறத்தில் கல்லும் மணலும் நிரப்பிய குழியில் இறக்கிவிட வேண்டும். அக்குழியும் நம் கிணறும் கழிவுநீர்க் குழிகளிலிருந்து விலகி இருத்தல் வேண்டும். கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே 7.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டிட விதி. மேலும் ஓர் எச்சரிக்கை. நீர் வீணாகின்றதே என்று எவரும் அந்த மதில் துளைகளை அடைத்துவிடக் கூடாது. உள்ளே தேங்கும் நீரின் அழுத்தம் மதிலையே தள்ளிவிடும். துளை திறந்திருக்கட்டும், வெளிவருவதை மட்டும் நாம் ஏந்திக்கொள்வோம். அந்த நீர் குடிப்பதற்கு அன்று என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

மன்றத்துக் கூரை மழைநீரை என்ன செய்வது என்றும் சிலர் கேட்டனர். அக்கூரை 140 சதுர மீட்டர். 1800 மில்லிமீட்டர் மழையில், சிந்தியது சிதறியது போக எண்பது பங்கு கிடைத்தாலும் ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டர். இதனை வடிகட்டிப் பொதுக்கிணற்றில் இறக்கலாம். திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் 'மழைப்பொலிமா' என்னும் பெயரில் மாவட்ட நிர்வாகமே இதனைச் செய்து காட்டியது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு சட்டமாகவே வந்தது. ஊரில் உள்ள நம் வீடுகளில் பலவற்றில் அதன் குழாய்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் முன்பே சொன்னேன், இம்மண் தரகு மண்டி என்று. ஆடியில் கிணற்றில் இறக்கிய நீரெல்லாம் பங்குனியில் அதே கிணற்றில் இருக்கும் என்று எண்ண வேண்டா. அதில் பெரும்பகுதி சரிவில் இறங்கிக் கீழ்வீட்டுக் கிணற்றுக்குச் செல்லும். செல்லட்டுமே! மேட்டிலிருந்து நமக்கு வருவதும் அவ்வாறு வந்ததுதானே?

இங்கேதான் என் மனத்தில் உள்ள செய்திக்கு வருகின்றேன். மண்ணடி நீர் யாருக்கு உரியது? தன் நிலத்தின் அடியில் பரந்து கிடக்கும் நீரை நில உரிமையாளன் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882-ஆம் ஆண்டின் சட்டக் கொள்கை. ஏற்றமும் கப்பியும் இருந்த காலத்தில் அதனால் பெருந்தீங்கு இல்லை. மனிதன் தோளும் மாட்டின் கழுத்தும் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டாருக்குக் களைப்பு இல்லையே!

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர்த் தாலுகாவில், நம்மைப்போலவே தமிழ் எல்லையை அடுத்த பிளாச்சிமடையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே கொக்கோ-கோலா ஆலை தொடங்கியது. கிணறுகள் கெட்டன என்று பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் அமர்ந்தனர். மயிலம்மா என்னும் எளிய தாய் அவர்களுக்கு முன்னின்றார். 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் உடைமை, அரசு அதன் காவலர் மட்டுமே என்னும் கருத்தில் தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகளின் அமர்வு மாறுபட்ட முடிவுக்கு வந்தது. 2004 மார்ச்சில் மூடப்பட்ட அந்த ஆலையை மீண்டும் நடத்தும் எண்ணமில்லை என்று 2017-இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் கூறிவிட்டது. நீதிமன்றங்கள் இரண்டு வகையாகச் சொன்ன கேள்விக்கு நான் விடை கூற வல்லேன் அல்லேன். ஆயினும் அயலானின் கிணறு வற்றும்படி இறைப்பது முறையன்று என்பதற்குச் சட்டம் படிக்க வேண்டுவதில்லை.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1958-இல் எழுந்த நெய்யாற்றணையின் இடதுகரைக் கால்வாய் இரு புறத்து வயல்களுக்கும் பாய்ந்தது. 2004-இல் தமிழகப் பகுதிக்கு நீர் நிறுத்தப்பட்டது. 2012-இல் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கால்வாய்க்கு மதகு உண்டு. மதகை இறக்கினால் நீர் நிற்கும். ஆனால் களியக்காவிளையில் லாரிகளை நிறுத்தும் சோதனைச் சாவடி, மண்ணுக்கடியில் நகரும் நீரை நிறுத்துமோ? அந்நீர் மலையாளமும் அறியாது, தமிழும் அறியாது. மேடும் பள்ளமும் மட்டுமே அறியும்.

நம் கீழ்மதிலுக்கு அப்பால் சில வீடுகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மக்கள். நாம் வேலைக்காக வந்த தமிழர். அவர்கள் மண்ணோடு பிறந்தவர்கள். வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசுவார்கள். அவ்வீடுகளில் ஒன்றில் உள்ள அம்மச்சி ஒருவர், புல்தரைச் செய்தி கேட்டு, வழியில் என்னை நிறுத்தினார்.

"மக்களே, புல்லு போடப்போறியளாமே? நல்ல காரியம். பிள்ளைய வெளயாடட்டும். கெணத்துக்கு மட்டும் நோகாம பாத்துக்கிடுங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. வசையும் இல்லை, வழக்கும் இல்லை. அவருடைய கிணறு நம் கிணற்றினும் தாழ்ந்த இடத்தில் உள்ளது. மேலே நாம் இறைத்தால் கீழே அவருக்குக் குறையும் என்பதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. எழுபது கோடைகளில் கண்டறிந்திருக்கிறார். கிணற்றுக்கு நோகும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான், இப்பொருளை இம்மேடைக்குக் கொண்டுவரத் துணிந்தேன்.

சித்திரையில் நீர் குறையும்போது என்ன செய்வது என்ற கேள்வியை நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கு அருகம்புல் விடை சொல்லும். விலை கொடுத்து வாங்கும் அயல்நாட்டுப் புல் வேண்டா. அருகு கோடையில் பழுத்துப் போகும். பார்ப்பவர் இறந்துவிட்டது என்பர். முதல் மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு தளிர்க்கும். அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று மணமக்களை நாம் வாழ்த்துவது வேறு எதனைக் கண்டு? சித்திரையில் ஒரு திங்கள் நம் முற்றம் பழுப்பு நிறமாக இருக்கட்டும். ஊரெல்லாம் வறண்டிருக்கும்போது நம் முற்றம் மட்டும் பச்சையாக இருப்பது அழகும் அன்று. ஓரங்களில் நிற்கும் தென்னைகளுக்கு, அவற்றின் அடியிலிருந்து சற்று விலகிக் குழி வெட்டி, கதம்பைகளைக் குழிவான பக்கம் மேல்நோக்க அடுக்கி மண்ணிட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் குடித்த நீரை அவை கோடையில் வேருக்கு ஊட்டும். வெயில் சாய்ந்த பின்னரே நீர் வாருங்கள். நண்பகலில் வார்ப்பதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும்.

ஆகவே இவ்வவையின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: புல்தரை அமைப்போம், அதற்கு மதில் துளை நீர்த் தொட்டி ஒன்றே நீர்நிலை என்று தீர்மானிப்போம்.

இரண்டாவது: பொதுக்கிணற்று மோட்டாரிலிருந்து முற்றத்துக்குக் குழாய் இழுப்பதில்லை என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். நாம் ரயில்வே மக்கள்; இன்று இங்கே, நாளை இடமாற்றம். நமக்குப் பின் வருவோர் அந்த ஏட்டைப் பார்த்து நடக்கட்டும்.

மூன்றாவது: மன்றத்துக் கூரை நீரை இடவப்பாதிக்கு முன்னர்க் கிணற்றில் இறக்குவோம். அதில் நம் கிணற்றில் நிற்பது நமக்கு. கீழே செல்வது அம்மச்சிக்கு.

தொட்டி கட்டும் செலவுக்குச் சங்க நிதியைத் தொட வேண்டா. விடுமுறை நாட்கள் இரண்டில் இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்தால் கூலி மிச்சம். குழி வெட்டத் தெரிந்த கைகள் நம்மிடையே குறைவில்லை. வாளி நிரம்பும் நேரத்தைத் திங்கள்தோறும் குறித்து வைக்கும் வேலையை, எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட நம் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளட்டும். பாட நூலில் கற்கும் கணக்கு பயன்படும் இடத்தை அவர்கள் நேரில் காண்பார்கள். சென்ற ஆண்டு நான் எழுதிய மூன்று குறிப்புகளை அவர்களிடம் ஒப்படைக்கின்றேன்.

மணலைத் தோண்டத் தோண்ட ஊறும் கேணியை வள்ளுவர் கல்விக்கு உவமையாக வைத்தார். கல்வி எடுக்க எடுக்கக் குறையாது. ஆனால் செம்புறாங்கல்லில் ஊறும் நீருக்கு அளவு உண்டு; அந்த அளவை அறிந்து வாழ்வதும் ஒரு கல்வியே. வந்த இடத்தில் அதனை நன்கு கற்றோம் என்ற பெயரை நம் சங்கம் பெறட்டும்.